தன்னம்பிக்கை மட்டும் போதுமா? காக்கிநாடா ஆய்வு பற்றி ஒரு மதிப்பீடு

ஒரே ஊரில், ஒரே ஆண்டில், ஏறத்தாழ ஒரே அளவு முதலுடன் இருவர் தொழில் தொடங்குகின்றனர். ஐந்தாண்டு கழித்துப் பார்த்தால் ஒருவர் தழைத்திருக்கிறார்; மற்றவர் கடனோடு கடையை மூடிவிட்டார். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது?

'முன்னவரிடம் தன்னம்பிக்கை இருந்தது, பின்னவரிடம் இல்லை.' இது நம் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் விடை. எம். எஸ். உதயமூர்த்தி போன்றோர் எழுதிய ஊக்க நூல்கள் தமிழ் இளைஞர் பலருக்கு இந்த எண்ணத்தை ஊட்டின. விதி என்றும் வேளை என்றும் சொல்லிச் சோம்பியிருந்தோரை அவை தட்டி எழுப்பின என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒரு கூற்று ஊக்கம் தருவதாலேயே உண்மையாகி விடாது. அதனை அளந்து பார்க்க வேண்டும்.

அவ்வாறு அளக்க முற்பட்டவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக் கழக உளவியல் பேராசிரியர் டேவிட் மெக்லெலண்டு (1917–1998). அவருடைய புகழ் பெற்ற சோதனை நடந்த இடம் நம் அண்டை மாநிலமான ஆந்திரத்தின் காக்கிநாடா. அதனை விளக்கி அவரும் டேவிட் விண்ட்டரும் எழுதிய 'மோட்டிவேட்டிங் எக்கனாமிக் அச்சீவ்மெண்ட்' என்ற நூல் 1969இல் வெளிவந்தது. தொழில் முனைவோர் பயிற்சி என்று இன்று நம் நாட்டில் நடைபெறும் பலவற்றிற்கும் இந்நூல் ஒரு மூதாதை எனலாம். ஆகவே அதன் நிறை குறைகளை ஆராய்வது பயனுடையது. ஆராய்வதற்கு உரைகல்லாகப் பழனி மலைத் தொடரை எடுத்துக் கொள்வோம். மலைவாழை, காப்பி, பூண்டு பயிரிடுவோர், கொடைக்கானலில் சாக்லேட்டும் தைலமும் விற்போர், விடுதி நடத்துவோர் என அங்குச் சொந்தத் தொழிலை நம்பி வாழ்வோர் மிகப் பலர். ஒருவரது முயற்சி எதுவரை செல்லும், எங்கே புறச் சூழ்நிலை குறுக்கிடும் என்பதை அம்மலையில் தெளிவாகக் காணலாம்.

மெக்லெலண்டின் கொள்கை

சிலரிடம், 'இதைச் சிறப்பாகச் செய்து முடிக்க வேண்டும்' என்ற நாட்டம் மற்றவர்களைவிட மிகுதியாக இருக்கிறது. இதனைச் 'சாதனை நாட்டம்' என்பர். ஒருவரிடம் ஒரு படத்தைக் காட்டி, அதைப் பற்றிக் கதை எழுதச் சொல்லி, அக்கதையில் இந்நாட்டம் எவ்வளவு வெளிப்படுகிறது என்று மெக்லெலண்டு மதிப்பெண் இட்டார். சாதனை நாட்டம் மிகுந்தோர் வாழும் நாடுகளே பொருளாதாரத்தில் முன்னேறும் என்பது 1961இல் வெளிவந்த அவருடைய 'தி அச்சீவிங் சொசைட்டி' என்ற நூலின் மையக் கருத்து.

இந்நாட்டம் உடையவர்களின் இயல்பை விளக்க அவர் கூறும் விளையாட்டு ஒன்று சுவையானது. தரையில் ஒரு முளை நடப்பட்டிருக்கும். வளையத்தை எறிந்து அதில் மாட்ட வேண்டும். எவ்வளவு தொலைவில் நின்று எறிவது என்பது அவரவர் விருப்பம். சிலர் முளைக்கு அருகில் நின்று எளிதாக மாட்டி விடுவர். சிலர் வெகு தொலைவில் நின்று, விழுந்தால் விழட்டும் என்று எறிவர். சாதனை நாட்டம் மிகுந்தோரோ நடுத்தரமான தொலைவையே தேர்ந்தெடுப்பர். முயன்றால் முடியும், முயலாவிட்டால் முடியாது என்ற தொலைவு அது. தொழில் முனைவோர் கண்மூடித்தனமான சூதாடிகள் என்ற கருத்தை இது மறுக்கிறது. கணக்கிட்டுத் துணிவதே அவர்கள் இயல்பு என்கிறார் மெக்லெலண்டு.

காக்கிநாடாவில் நடந்தது

இந்நாட்டம் பிறவியில் வருவதா, பயிற்சியால் வளர்க்கக் கூடியதா என்பது அடுத்த வினா. இதற்கு விடை காண ஐதராபாத்தில் இருந்த சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிலையத்தின் துணையோடு 1964இல் சோதனை தொடங்கியது. காக்கிநாடாவின் வணிகர்களும் சிறுதொழில் நடத்துவோரும் குழுக்குழுவாக ஐதராபாத்திற்கு அழைக்கப்பட்டுச் சுமார் பத்து நாள் பயிற்சி பெற்றனர். சாதனை நாட்டம் உடையவர் போலச் சிந்திக்கவும் கதை எழுதவும் கற்றனர். விளையாட்டுகள் வழியே தம் இயல்பை அறிந்தனர். அடுத்த ஈராண்டிற்கான குறிக்கோள்களை வகுத்துக் கொண்டு ஊர் திரும்பினர். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, இப்பயிற்சி பெறாத வணிகர்களும் ராஜமுந்திரி உள்ளிட்ட இடங்களில் கவனிக்கப்பட்டனர்.

பயிற்சிக்கு முந்திய ஈராண்டில் தொழிலை விரிவாக்க முனைப்பாகச் செயல்பட்டோர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவராக இருந்தனர். பயிற்சிக்குப் பிந்திய ஈராண்டில் அவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேராக உயர்ந்தனர். பயிற்சி பெறாதோரிடையே, ஏறத்தாழ நான்கில் ஒருவர் என்ற நிலை பெரிதும் மாறவில்லை.

நூலின் நிறைகள்

இந்நூலின் முதற் சிறப்பு, கருத்தைக் கருத்தாக விட்டு விடாமல் சோதனைக்கு உட்படுத்தியது. பயிற்சி பெற்றோரை மட்டும் பார்த்து மகிழாமல், பெறாதோரையும் பார்த்தது அறிவியல் முறை. பயிற்சி முடிந்த அன்றே கைதட்டலை அளக்காமல் ஈராண்டு காத்திருந்து செயலை அளந்ததும் பாராட்டுக்குரியது. இரண்டாவது சிறப்பு, 'இந்தியர்களுக்குத் தொழில் முனையும் இயல்பு இல்லை' என்று வெளிநாட்டார் சிலர் கூறி வந்த காலத்தில், வயது வந்த மனிதரும் பத்து நாட்களில் புதிய பாதையில் அடியெடுத்து வைக்கக் கூடும் என்று காட்டியது.

இனிக் குறைகள்

முதலாவது, அளவுகோல் பற்றியது. கதையில் சாதனை நாட்டத்தை அளக்கிறார்கள். பயிற்சியிலோ, அத்தகைய கதை எழுதவே கற்றுத் தருகிறார்கள். வினாத்தாளை முன்னதாகக் கொடுத்துவிட்டுத் தேர்வு வைத்தால், மதிப்பெண் கூடுவதைக் கொண்டு அறிவு கூடியது என்று எப்படிச் சொல்வது? தொழிலில் முனைப்பு கூடியது மெய்யாக இருக்கலாம். அதற்குக் காரணம் சாதனை நாட்டம்தான் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. பயிற்சியில் கிடைத்த நண்பர் கூட்டம், வகுத்துக் கொண்ட குறிக்கோள், பெரிய நிறுவனம் ஒன்று தம்மைப் பொருட்படுத்தியது என்ற மகிழ்ச்சி, இவற்றுள் எதுவும் காரணமாக இருந்திருக்கலாம்.

இரண்டாவது, ஆட்களைத் தேர்ந்த முறை. பத்து நாள் கடையை விட்டுவிட்டு ஐதராபாத் செல்லக் கூடியவர் யார்? கடையைப் பார்த்துக் கொள்ள ஆள் உள்ளவர். பத்து நாள் வருவாய் குறைந்தாலும் தாங்கக் கூடியவர். பயிற்சி பெறுவோர், பெறாதோர் என்ற பிரிவைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்திருந்தால் இந்த ஐயம் எழாது. மேலும் பயிற்சி பெற்றோர் ஆடவர். பெண்கள் நடத்தும் தொழில் பற்றி இந்நூலிலிருந்து நாம் கற்பதற்கு ஒன்றும் இல்லை.

மூன்றாவது, நூலின் உள்ளேயே இருந்தும் அதன் புகழில் மறைந்து போன ஒரு முடிவு. தம் தொழிலில் தாமே முடிவெடுக்கும் நிலையில் இருந்தவர்களிடம்தான் பயிற்சி நன்கு பயன்பட்டது. பிறர் முடிவுக்குக் கட்டுப்பட்டிருந்தோரிடம் அப்பயன் தெளிவாகத் தோன்றவில்லை. நூலாசிரியர்கள் இதனைக் கண்டு குறித்துள்ளனர். ஆனால் பின்னாளில் அந்நூலை எடுத்துப் பேசியோர் பலர், 'மனத்தை மாற்றினால் தொழில் மாறும்' என்ற முதற்பாதியை மட்டும் எடுத்துச் சென்றனர். 'கையில் பிடி இருந்தால்தான்' என்ற பிற்பாதி விடுபட்டுப் போயிற்று. என் மதிப்பீட்டில் அப்பிற்பாதியே இந்நூலின் தலையாய கண்டுபிடிப்பு.

மலைவாழை தரும் பாடம்

பிற்பாதியின் பொருளைப் பழனி மலையின் கீழ்ச் சரிவுகளில் காணலாம். பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பெரும்பாறைப் பகுதிகளில் காப்பித் தோட்டங்களுக்கிடையே விருப்பாட்சி மலைவாழை பயிராகிறது. பழனிப் பஞ்சாமிர்தத்திற்குப் பெயர் பெற்ற பழம் இது. ஒரு காலத்தில் ஏறத்தாழ 18,000 எக்டேர் பரப்பில் இருந்த இவ்வாழை, 1970களில் பரவிய முடிக்கொத்து நோயால் ஏறத்தாழ 2,000 எக்டேராகச் சுருங்கியது என்பர் வேளாண் அறிஞர்.

முடிக்கொத்து நோய் ஒரு வைரசால் வருவது. நோயுற்ற மரத்தின் இலைகள் குறுகி, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும். குலை தள்ளாது, தள்ளினாலும் பயன்படாது. வாழை அசுவினி என்னும் சிறு பூச்சி இவ்வைரசை ஒரு மரத்திலிருந்து மற்றொரு மரத்திற்குக் கொண்டு செல்லும். அதனினும் கொடியது, நோயுற்ற மரத்தின் பக்கக்கன்று வெளியில் நலமாகத் தோன்றினாலும் உள்ளே வைரசைச் சுமந்திருக்கும் என்பது.

இங்கே இரண்டு உழவர்களைக் கற்பனை செய்து கொள்வோம். ஒருவர் மனம் தளர்ந்து வாழையை விட்டுவிட்டார். மற்றவர் தன்னம்பிக்கை மிகுந்தவர். 'விட்டேனா பார்' என்று தம் தோட்டத்துக் கன்றுகளையே எடுத்து மீண்டும் மீண்டும் நடுகிறார். விளைவு என்ன? ஒவ்வொரு முறையும் அவர் நட்டது நோயைத்தான். அவருடைய விடாமுயற்சியே நோயை அடுத்த தோட்டத்திற்கும் பரப்பும். அவருக்குத் தேவைப்பட்டது வைரஸ் அற்ற கன்று. திசு வளர்ப்பு முறையில், வைரஸ் சோதனை செய்து வளர்த்த கன்றுகள் பின்னர் வந்தன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகமும், 1993இல் தொடங்கப் பெற்ற திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் இத்துறையில் உழைத்துள்ளன. நல்ல கன்று கைக்கு வந்த பிறகே விடாமுயற்சிக்குப் பொருள் உண்டாகிறது.

மேலே, ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலிலும் இதே நிலைதான். அங்குள்ள கடைக்காரர் பலருக்கும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான கோடைக் காலமே பெரும் வருவாய்க் காலம். 2018 நவம்பரில் கஜா புயல் மலையிலும் மரங்களைச் சாய்த்துப் போக்குவரத்தைத் துண்டித்தது. 2020 மார்ச்சில் தொடங்கிய ஊரடங்கு அவ்வாண்டுக் கோடைக் காலத்தை முற்றிலும் விழுங்கியது. உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. மலையின் சுமையைக் குறைக்க அதற்கு நல்ல காரணம் உண்டு. ஆனால் புயல், நோய்த்தொற்று, ஆணை ஆகிய மூன்றில் எதுவும் ஒரு சாக்லேட் கடைக்காரரின் ஆளுமையைக் கேட்டுக் கொண்டு வருவதில்லை. 2020இல் கடையை மூடியவரைப் பார்த்து, 'நம்பிக்கை போதவில்லை' என்று யாரேனும் சொன்னால் அது அறிவியலும் ஆகாது, அறமும் ஆகாது.

இரண்டு நம்பிக்கைகள்

இக்குழப்பத்தைத் தெளிவாக்கியவர் ஆல்பர்ட் பாண்டுரா என்னும் உளவியலார். 1977இல் அவர் இரு நம்பிக்கைகளைப் பிரித்துக் காட்டினார். 'இச்செயலை என்னால் செய்ய முடியும்' என்பது ஒன்று. 'செய்தால் இன்ன பலன் விளையும்' என்பது மற்றொன்று. முன்னது செயல்திறன் நம்பிக்கை. பின்னது பலன் பற்றிய எதிர்பார்ப்பு. குழி தோண்டி, கன்று நட்டு, நீர் பாய்ச்ச என்னால் முடியும் என்று ஒருவர் உறுதியாக நம்பலாம். கன்று நோயுற்றதாயின் பலன் இராது. மேடைப் பேச்சுகள் இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து விடுகின்றன.

செயல்திறன் நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கும் பாண்டுரா விடை கூறினார். தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது, பிறர் கூறும் ஊக்க மொழி, தன் உடலும் உள்ளமும் இருக்கும் நிலை ஆகியன நான்கு ஊற்றுகள். இவற்றுள் வலிமை மிக்கது முதலாவது. ஊக்க மொழியால் மட்டும் எழுந்த நம்பிக்கை, முதல் தோல்வியிலேயே சரிந்து விடக் கூடும். நாமோ பெரும்பாலும் ஊக்க மொழியையே வாரி வழங்குகிறோம்.

எண்கள் கூறுவது என்ன?

தொழில் முனைவோர் ஆளுமை பற்றி நடந்த ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து ஷாவோ, சீபெர்ட், லம்ப்கின் ஆகிய மூவர் 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். புதுமையை ஏற்கும் பாங்கு, ஒழுங்குணர்வு, பிறரோடு கலந்து பழகும் இயல்பு, இணக்கம், மனச் சமநிலை ஆகிய ஐந்து ஆளுமைக் கூறுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, தொழிலின் வெற்றிக்கும் அவற்றிற்கும் இடையே கிடைத்த தொடர்புக் கெழு 0.31. புள்ளியியல் படிக்கும் மாணவர்கள் அறிவர்: கெழுவை வர்க்கப்படுத்தினால் ஏறத்தாழ 0.10 வரும். அதாவது, ஒரு தொழிலுக்கும் மற்றொரு தொழிலுக்கும் உள்ள வெற்றி வேறுபாட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை இவ்வைந்து கூறுகளும் விளக்குகின்றன. இது புறக்கணிக்கத் தக்க அளவன்று. ஆனால் முழு விளக்கமாகக் கொள்ளவும் தக்கதன்று.

பயிற்சியின் பக்கமும் நல்ல சான்று உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் 1,500 சிறுதொழில்களைச் சீட்டுக் குலுக்கல் போன்ற முறையில் மூன்றாகப் பிரித்துச் செய்த சோதனை 2017இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. தானே முன்வந்து செயல்படும் மனப்பாங்கைக் கற்றவர்களின் இலாபம், பயிற்சி பெறாதோரைவிட 30 விழுக்காடு கூடியது. வழக்கமான வணிகப் பயிற்சி பெற்றோரிடம் காணப்பட்ட உயர்வு 11 விழுக்காடு. அதுவும் தற்செயல் அன்று என்று உறுதி கூற முடியாத அளவு. மெக்லெலண்டின் உள்ளுணர்வு வீண் போகவில்லை என்பதை இது காட்டுகிறது. ஒன்றை மட்டும் மறக்கலாகாது. டோகோவில் பயிற்சி பெற்றோர் ஏற்கெனவே தொழில் நடத்திக் கொண்டிருந்தவர்கள். பிடி அவர்கள் கையில் இருந்தது.

நம்பிக்கை அளவு கடப்பதும் உண்டு. அமெரிக்காவில் புதிதாகத் தொழில் தொடங்கிய 2,994 பேரிடம், 'நீங்கள் வெற்றி பெற எவ்வளவு வாய்ப்பு?' என்று கேட்ட ஆய்வு 1988இல் வெளிவந்தது. பத்துக்கு ஏழு அல்லது அதற்கு மேல் என்றோர் 81 விழுக்காட்டினர். பத்துக்குப் பத்து என்றோர் 33 விழுக்காட்டினர். அந்நாட்டில் புதிய தொழில்களில் ஏறத்தாழப் பாதிதான் ஐந்தாண்டைக் கடக்கின்றன.

மனநலம் என்னும் கணக்கு

காக்கிநாடா நூலில் முனைப்பும் முதலீடும் கணக்கில் உள்ளன. அம்மனிதர்கள் நிம்மதியாக உறங்கினார்களா என்ற வினா அதன் மையத்தில் இல்லை. பிற்கால ஆய்வுகள் இதனையும் கேட்டன. அமெரிக்காவில் சொந்தத் தொழிலில் பத்தாண்டு இருந்தவரின் இடைநிலை வருவாய், அவர் கூலி வேலையில் ஈட்டியிருக்கக் கூடியதைவிட 35 விழுக்காடு குறைவு என 2000இல் ஹாமில்டன் என்ற பொருளியலார் கண்டார். ஆயினும் செர்மனி, சுவிட்சர்லாந்து, பிரிட்டன் நாடுகளை ஆராய்ந்த பென்ஸ், ஃப்ரை இருவரும், சொந்தத் தொழில் செய்வோர் தம் வேலையில் கூடுதல் மனநிறைவு உடையவர்கள் என்று கண்டனர். 'என் வேலையை நானே முடிவு செய்கிறேன்' என்பதே அந்நிறைவின் ஊற்று.

நம் நாட்டிற்கு இது அப்படியே பொருந்துமா? 2023-24ஆம் ஆண்டு அரசுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உழைப்போரில் 58.4 விழுக்காட்டினர் சுயதொழில் செய்வோர். இவர்களுள் சிறு உழவரும் தெருவோரக் கடைக்காரரும் கூலியின்றிக் குடும்பத் தொழிலில் உதவுவோரும் அடங்குவர். வேறு வேலை கிடைக்காமல் தொழிலுக்குத் தள்ளப்பட்டவர் பலர். விலையைத் தரகர் முடிவு செய்ய, தவணையைக் கடன் கொடுத்தவர் முடிவு செய்ய, விற்பனையை வானிலை முடிவு செய்யும் ஒருவருக்குச் 'சொந்தத் தொழில்' என்ற பெயர் மட்டுமே சொந்தம். அவரிடம் போய், 'எல்லாம் உன் மனத்தில்தான் இருக்கிறது' என்றால், நட்டத்தோடு குற்ற உணர்வையும் சேர்த்து அவர் தலையில் ஏற்றுகிறோம். பிறர் நிலைக்குக் காரணம் தேடும்போது சூழ்நிலையை மறந்து ஆளையே குறை காணும் இப்போக்கு மனிதர்க்குப் பொதுவான ஒரு சிந்தனைப் பிழை என்று லீ ராஸ் என்னும் உளவியலார் 1977இல் எழுதினார். கல்லூரிப் பயிற்சி அரங்குகளில் இப்பிழையே பாடமாகி விடலாகாது.

முடிவாக

காக்கிநாடா நூல் இன்றும் படிக்கத் தக்கது. மனிதர் மாறக் கூடியவர் என்று அது கூறுவதை ஏற்கலாம். அம்மாற்றம் ஒன்றே போதும் என்று அதன் பெயரால் கூறப்படுவதை ஏற்க இயலாது. தொழில் தொடங்க எண்ணும் மாணவர், தம்மிடம் நம்பிக்கை உண்டா என்று கேட்பதோடு மேலும் மூன்று வினாக்களைக் கேட்டுக் கொள்ள வேண்டும். இத்தொழிலில் எவையெவை என் முடிவுக்கு உட்பட்டவை? உட்படாதவற்றைத் தாங்க என்னிடம் என்ன ஏற்பாடு உண்டு? முழு முதலையும் போடுமுன், தோற்றாலும் எழுந்து நிற்கக் கூடிய அளவில் செய்து பார்க்கக் கூடிய சிறு முயற்சி எது?

பயிற்சி தருவோரும் தம் கணக்கைப் பார்க்க வேண்டும். பூண்டு விளைவிப்போருக்கு ஊக்க உரை நிகழ்த்துமுன், அவர் தம் விளைச்சலை விலை ஏறும்வரை வைத்திருக்க வழியுண்டா என்று கேட்க வேண்டும். வாழை நடுவோருக்குத் தன்னம்பிக்கையைப் போதிக்கும் நாளிலேயே, சோதித்த நல்ல கன்று கிடைக்கும் இடத்தையும் சொல்லி அனுப்ப வேண்டும். அவ்விரண்டையும் ஒருங்கே பெற்றவர்தான், முளையிலிருந்து எவ்வளவு தொலைவில் நிற்பது என்பதைத் தாமே கணக்கிட்டு வளையத்தை எறிய முடியும்.